நெஞ்செரிச்சல் பற்றி நான் ஆற்றிய உரை

மருத்துவம் படிக்கிறவனுக்குப் பாடப்புத்தகத்தில் உள்ள வியாதிகள் எல்லாம் ஒரு முறையாவது வந்துவிட்டுப் போகும். இரண்டாம் வருடத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது, சிறுநீரகம் பழுதானது, மூளையில் கட்டி வந்தது (அது பரீட்சை முடிந்த மறுநாளே கரைந்துவிட்டது). தோல் நோய்ப் பாடம் நடந்த மூன்று வாரமும் சட்டையைக் கழற்றி அறை நண்பனிடம் முதுகைக் காட்டிக்கொண்டே திரிந்தேன். பிரசவப் பாடம் ஒன்றில்தான் தப்பித்தேன். ஆகவே ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருடத்தில் எனக்கு மாரடைப்பு வந்தது என்று சொன்னால் என்னோடு படித்தவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் மற்ற வியாதிகள் எனக்கும் அந்த நண்பனுக்கும் மட்டும் தெரிந்து, சத்தமில்லாமல் போய்விட்டன. இந்த மாரடைப்பை ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் அறுநூறு பெண்கள் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா.

ஹவுஸ் சர்ஜன் என்பவன் படிப்பை முடித்தவன், ஆனால் இன்னும் டாக்டர் ஆகாதவன். ஒரு வருடம் ஆஸ்பத்திரியின் எல்லாப் பிரிவிலும் மாறி மாறி வேலை செய்ய வேண்டும். ரத்தம் எடுப்பது, அந்த ரத்தத்தைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவது, லேபில் திட்டு வாங்குவது, திரும்பி வந்து வார்டில் திட்டு வாங்குவது. நடுவில் சாப்பாடு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். காலையில் டீ. பதினொரு மணிக்கு இன்னொரு டீ. மூன்றரை மணிக்கு, மெஸ்ஸை மூடுவதற்கு இரண்டு நிமிடம் முன்பு, அடிப் பாத்திரத்துச் சாம்பார் சாதம். டூட்டி முடிந்து வந்தால் பரோட்டா, சால்னா. தின்ற கையைத் துடைத்த அடுத்த நிமிடம் கட்டிலில் விழுந்துவிடுவது. தலைவலித்தால் வெறும் வயிற்றில் ஒரு வலி மாத்திரை, அது தொண்டையில் நிற்காமல் இறங்க இன்னொரு டீ.

இப்படி வாழ்கிறவர்களின் வயிறு என்ன ஆகும் என்று நாங்களே நோயாளிகளுக்கு மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் ஹாஸ்டலில் ஒவ்வொரு அறையிலும் சாமி படம் இருந்ததோ இல்லையோ, ரோஸ் நிற அசிடிட்டி மருந்து பாட்டில் இருந்தது. மெஸ்ஸில் ஊறுகாய் கைமாறுவது போல அது அறைக்கு அறை கைமாறும். மூடியில் அளந்து குடிக்கப் பொறுமையில்லாதவர்கள் பாட்டிலையே வாயில் கவிழ்த்துக்கொள்வார்கள். மீசையில் ரோஸ் நிறக் கறையோடு பெரிய டாக்டர் முன்னால் வந்து நின்ற ஒரு தோஸ்து இன்று குடல் நோய் நிபுணர்.

எனக்கு நான்கு மாதமாக நெஞ்செரிச்சல் இருந்தது. குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும். படுத்தால் நடு நெஞ்சில் யாரோ மிளகாய் அரைப்பார்கள். நண்பர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

என் அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர். நான் ஒன்பதாவது படித்தபோது ஒரு நாள் காலையில் நெஞ்சு கரிக்கிறது என்றார். கேஸாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தெருமுனைக் கடையில் ஒரு சோடா குடித்துவிட்டு, சைக்கிளை மிதித்து வேலைக்குப் போனார். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கேஸ் என்ற வார்த்தையே கிடையாது. அடுப்பு அணைந்துபோனால்கூட 'சிலிண்டர் முடிஞ்சிச்சு' என்றுதான் அம்மா சொல்வாள். சோடா வாசல்படி தாண்டாது. நான் சாப்பிட்டு ஏப்பம் விட்டால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் ஏப்பத்தை விழுங்கக் கற்றுக்கொண்டவன். (மருத்துவரீதியாக அது எவ்வளவு தப்பு என்று பிறகு படித்தேன்.)

ஆகவே நெஞ்சு எரியும்போதெல்லாம் எனக்கு இரண்டு பயம். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதோ என்பது ஒன்று. அது அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்பது இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இந்த நிலையில்தான் என்னைச் சமூக மருத்துவப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தப் பிரிவில் பள்ளிக்கூடம், ஊர், கம்பெனி என்று போய் முகாம் நடத்தி, ஆளுக்கொரு தலைப்பில் பேச வேண்டும். எங்களுக்குத் தலைமை கலைவாணி மேடம். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே நாங்கள் நடுங்குவோம். தலைப்புகளைப் பிரித்துக் கொடுத்த அன்று நான் டீ குடிக்கப் போயிருந்தேன். கை கழுவுதல், ரத்தசோகை போன்ற சுலபமான தலைப்புகளையெல்லாம் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தது 'நெஞ்செரிச்சல்: காரணங்களும் தடுப்பும்'. இடம் எங்கே என்று பார்த்தேன். அம்மா வேலை பார்க்கும் கம்பெனி.

அம்மா அங்கே தையல் பிரிவில் அப்போது பத்தொன்பது வருடமாக இருந்தாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. அறுபது பெண்கள் வரிசையாக மிஷின் முன் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தியும் தன் பங்குக்கு ஒரு தையல் போட்டு அடுத்தவளுக்குத் தள்ளிவிட வேண்டும். இதற்குப் பெயர் லைன். ஒருத்தி மாற்று ஆள் இல்லாமல் எழுந்துபோனால் அவள் முன்னால் பீஸ்கள் குவியும். கொஞ்ச நேரத்தில் லைனே நின்றுவிடும். ஒன்றுக்குப் போவதாக இருந்தாலும் சூப்பர்வைசரிடம் சொல்லி, ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். தன்னால் லைன் ஒரு நாளும் நின்றதில்லை என்பது அம்மாவுக்குப் பெரிய பெருமை. மகன் டாக்டர் என்பது அதற்கு அடுத்த பெருமைதான். நான் பேச வருகிறேன் என்றதும் அந்த இரண்டாவது பெருமையை லைன், பக்கத்து லைன், கம்பெனி பஸ், சர்ச் என்று எல்லா இடத்திலும் சொல்லி முடித்திருந்தாள்.

முகாம் நாளன்று முந்தின நாள் டூட்டியின் தூக்கக் கலக்கத்தோடு வேனில் ஏறினேன். காலை டிபன் கிடையாது, மூன்று டீ மட்டும். அம்மாவின் தோழிகள் முன்னால் கௌரவமாக நிற்க வேண்டுமே என்று இரண்டாம் வருடத்தில் தைத்த நல்ல பேண்ட்டை மாட்டியிருந்தேன். அந்த மூன்று வருடத்தில் பரோட்டா தன் வேலையைக் காட்டியிருந்தது. மூச்சை உள்ளே இழுத்து, பெல்ட்டால் இறுக்கிக் கட்டி, அப்படியே நின்றால் பார்க்க நன்றாக இருந்தது. உட்கார்ந்தால் கண் பிதுங்கியது. படம் மாட்டும் ஸ்டாண்டையும் பிரஷர் பார்க்கும் பெட்டிகளையும் இடது தோளில் தூக்கிக்கொண்டு கேட்டிலிருந்து கான்டீன் வரை நடந்தேன். இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

பேசுவதற்கு முன் சாப்பிட வேண்டும் என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மணி பத்தரை. ஆம்பூர்ப் பக்கத்தில் பத்தரை மணிக்குப் பிரியாணி என்பது அதிசயம் ஒன்றும் இல்லை. பரிமாற வந்தவள் பரிமளா அக்கா. அம்மாவுக்குப் பக்கத்து மிஷின்காரி. முதலுதவிப் பயிற்சி எடுத்தவள் என்பதால் கம்பெனியின் முதலுதவி அறைக்கும் அவள்தான் பொறுப்பு. தட்டில் மலையாகக் குவித்தாள். போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினேன்.

"ஒங்கம்மா பாத்துனு இருக்கா. ஒழுங்கா துண்ணு" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். டீ இடைவேளைக்கு வந்த அம்மா எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது மணி நேரப் பட்டினி வயிற்றில் இரண்டு தட்டுப் பிரியாணியும், எண்ணெய் மிதக்கும் கத்திரிக்காயும், வெங்காயப் பச்சடியும் இறங்கின. மரியாதைக்காக ஒரு டீயும் இறங்கியது.

அப்புறம் உரை. அம்மாவின் லைனும் பக்கத்து லைனும் முதல் அணியாகக் கான்டீனிலேயே உட்கார்ந்தார்கள். மற்ற லைன்கள் பிறகு வருவதாக ஏற்பாடு. சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைத்தால்தான் மனதில் நிற்கும் என்பது மேடத்தின் கட்டளை. ஆகவே நான் ஒவ்வொரு காரணமாகச் சொல்ல, நூற்று இருபது பெண்கள் விரலை மடக்கிக்கொண்டு கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். நேரத்துக்குச் சாப்பிடாமல் இருப்பது. வெறும் வயிற்றில் டீ. மூன்றாவது விரலில், காரமும் எண்ணெயும் அதிகமான சாப்பாடு என்று சொல்லும்போது, எனக்கே ஆரம்பித்துவிட்டது.

நெஞ்சின் நடுவில் கை வைத்து 'இங்கே எரியும்' என்று காட்டினேன். வைத்த கையை எடுக்க முடியவில்லை. ஐந்தாவது விரலில் நெற்றி வியர்த்தது. 'சாப்பிட்டவுடன் படுப்பது' என்று சொல்லும்போது குரல் கம்மியது. ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, இறுக்கமான உடை அணிவதன் தீமைகளை விளக்கினேன். நான் நோயாளி மாதிரி நடித்துக் காட்டுவதாக அவர்கள் நினைத்துவிட்டார்கள். எவ்வளவு தத்ரூபமாகச் செய்கிறான் பார் என்று முன் வரிசையில் ஒரு பாராட்டு எழுந்தது. அம்மா அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு தலை நிமிர்ந்து உட்கார்ந்தாள். முடிந்ததும் கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன், குனியாமல்.

அவர்கள் லைனுக்குத் திரும்பினார்கள். மேடமும் ஈ.சி.ஜி. எடுக்கும் அமீர் பாயும் கம்பெனியின் மறுகோடியில் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருவிகளைச் சரிபார்க்கிறேன் என்று பரிமளா அக்காவிடம் சொல்லிவிட்டு முதலுதவி அறைக்குள் நுழைந்தேன். உள்ளே ஒரு கட்டில் இருந்தது. படுத்தேன். (சாப்பிட்டவுடன் படுக்கக்கூடாது என்று நான் சொல்லிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.)

படுத்ததும் எரிச்சல் தொண்டைக்கு ஏறியது. இடது தோளிலிருந்து முழங்கை வரை வலித்தது. நெஞ்சு வலி, வியர்வை, இடது கை வலி. இந்த மூன்றையும் பரீட்சையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். அப்பா சோடா பாட்டிலைக் கடையில் வைத்துவிட்டுச் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. அன்று காலை அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நான் டாக்டரும் இல்லை, ஹவுஸ் சர்ஜனும் இல்லை. வெறும் பயந்தாங்கொள்ளி.

கட்டிலுக்குப் பக்கத்தில் முகாமுக்காகக் கொண்டுவந்த ஈ.சி.ஜி. மிஷின் இருந்தது. யாருக்கும் தெரியாமல் எனக்கு நானே எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு மாட்டிய கைதானே. மிஷின் பக்கத்துக் கைக்குச் சிவப்பு கிளிப், மறு கைக்கு மஞ்சள், காலுக்குப் பச்சையும் கறுப்பும். நெஞ்சில் ஒட்டுகிற பல்புகளை மாட்டப் பொறுமை இல்லை. பட்டனை அழுத்தினேன். காகிதம் வந்தது.

மேலே போக வேண்டிய கோடு கீழே போயிருந்தது. கீழே போக வேண்டியது மேலே. நான் ஒரு முறைக்கு மூன்று முறை பார்த்தேன். இதயத்தின் ஒரு பக்கச் சுவரே போய்விட்டது என்று முடிவு செய்தேன். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று.

அந்த நிலையிலும் ஒரு திட்டம் போட்டேன். மேடத்திடம் மட்டும் காதோடு சொல்ல வேண்டும். வேனில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அம்மா ஷிப்டு முடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டும். பிழைத்தால் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். வாசலில் நின்ற பரிமளா அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, நெஞ்சு வலி மாதிரி இருக்குது. மேடத்த மட்டும் கூப்டுங்க. அம்மாக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன்.

பத்தொன்பது வருடம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவளிடம் இதைச் சொன்னது என் முட்டாள்தனம். அவள் நேராக அம்மாவிடம் போனாள்.

தையல் கூடத்தின் இரைச்சல் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே சத்தமாகக் கேட்கும். அதில் ஒரு பகுதி மட்டும் மெல்லக் குறைவதை அன்றுதான் கேட்டேன். ஒரு மிஷின் நின்றது. பிறகு அதன் அக்கம்பக்கம். பிறகு அந்த வரிசை முழுவதும் அடங்கிப்போனது. லைன் நின்றுவிட்டது. அம்மா வருகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

கழுத்தில் நூல் வெட்டும் கத்தரி தொங்க வந்து நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்கிற ஒரே எண்ணத்தில், உலகத்தில் எத்தனையோ பொய் இருக்க, நான் சொன்னது இது:

"ஒண்ணும் இல்லமா. சும்மா கேஸா இருக்கும்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு நொடிதான். சட்டென்று திரும்பி, "தூக்குங்கடி இவன" என்றாள்.

ஸ்ட்ரெச்சர் எங்கே இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. வெட்டுகிற பிரிவுக்குத் தோல் கொண்டுபோகும் இரும்புத் தள்ளுவண்டி வாசலில் நின்றது. அதிலிருந்த தோலில் பாதியை இறக்கிவிட்டு, மீதியை மெத்தையாக வைத்து என்னைப் படுக்கப் போட்டார்கள். என்னால் நடக்க முடியும் என்று சொல்லிப் பார்த்தேன். ஆறு பேர் தள்ளினார்கள். ஒரு சக்கரம் இடது பக்கமாக இழுத்துக்கொண்டே, ஒவ்வொரு சுற்றுக்கும் கிறீச்சிட்டது. வரிசை வரிசையாகப் பெண்கள் எழுந்து நின்று பார்க்க, பதப்படுத்திய தோலின் வாசனையோடு கம்பெனியின் நட்ட நடுவே போனேன். ஒருத்தி இயேசுவின் நாமத்தில் உரக்க ஜெபித்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி நெற்றியில் விபூதி பூசினாள். இன்னொருத்தி ஏதோ ஓதி முகத்தில் ஊதினாள். மூன்று மதத்தின் பாதுகாப்பிலும் நான் இருந்தேன். யாரோ சோடா கொண்டுவந்து நீட்டினார்கள். அம்மா பார்த்த பார்வையில் சோடா வந்த வழியே போனது. அவள் என் கையை விடாமல் வண்டியோடு ஓடிவந்தாள். நான் செத்துப்போவதைவிட அந்த ஓட்டம்தான் எனக்குத் தாங்கவில்லை.

பாதி வழியில் மேடமும் அமீர் பாயும் எதிரே ஓடிவந்தார்கள். மேடம் நாடி பிடித்தார், பிரஷர் பார்த்தார். நான் உயில் கொடுப்பவன் போல அந்தக் காகிதத்தை நீட்டினேன். அமீர் பாய் முப்பது வருடமாக ஈ.சி.ஜி. எடுப்பவர். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"யாரு எடுத்தது?"

"நான்தான் பாய்."

"மிஷின் எந்தப் பக்கம் இருந்திச்சு?"

இடப்பக்கம் என்றேன். அதற்கும் என் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவர்தான் மேடத்திடம் பொறுமையாகச் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரியில் மிஷினை எப்போதும் நோயாளிக்கு வலப்பக்கம்தான் நிறுத்துவார்கள். நாங்கள் கையைப் பார்ப்பதில்லை. மிஷின் பக்கத்துக் கை எதுவோ அதற்குச் சிவப்பை மாட்டிப் பழகியவர்கள். இந்த முதலுதவி அறையில் பிளக் பாயின்ட் கட்டிலுக்கு இடப்பக்கம் இருந்தது. மிஷினும் இடப்பக்கம் நின்றது. வலது கைச் சிவப்பு இடது கைக்குப் போய்விட்டது, கோடுகள் தலைகீழாகிவிட்டன.

"பேஜார் ஆவாதீங்க மேடம், மாத்தி மாட்டினு இருக்காரு" என்றவர், என் பக்கம் குனிந்து, "டாக்டர் சாப், ஒங்க சொந்தக் கைதானே?" என்று கேட்டார். ஏளனமே இல்லாமல், உண்மையாகத் தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் வலித்தது.

முதலுதவி அறையிலிருந்து மிஷினைக் கொண்டுவரச் சொல்லி, வண்டியில் கிடந்தபடியே, நெஞ்சுப் பல்புகளும் சேர்த்து, முறையாக இன்னொன்று எடுத்தார்கள். மேடம் அதைக் கோடு கோடாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, காலையிலிருந்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சுற்றி நின்றவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். அரைமணி நேரம் முன்புதான் பாடம் கேட்டவர்கள். விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. காலையில் சாப்பிடவில்லையாம் என்று ஒரு விரல். வெறும் வயிற்றில் டீ என்று இன்னொன்று. இரண்டு பிளேட், நான்தான் வைத்தேன் என்று பரிமளா அக்கா வாக்குமூலம் கொடுத்தாள். சாப்பிட்டதும் போய்ப் படுத்தான், கண்ணால் பார்த்தேன் என்றும் சேர்த்துச் சொன்னாள். தூங்காமல் வேலை செய்வதும் ஒரு காரணம் என்று தம்பிதானே சொன்னது என்று பின்னாலிருந்து ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது. பெல்ட்டைப் பாருங்கள் என்றது இன்னொன்று. அம்மா குனிந்து, அத்தனை பேர் முன்னால் என் பெல்ட்டை அவிழ்த்துவிட்டாள். வயிறு வெளியே வந்தது. பாதி வலி அப்போதே போனது. என் உரையைக் கேட்டவர்கள் அதை ஒன்றுவிடாமல் மனதில் வாங்கியிருந்தார்கள் என்று மேடம் பிறகு எனக்கு முழு மதிப்பெண் போட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஆனால் அது பிறகு. அந்த நிமிடம் அம்மா மேடத்தின் கையைப் பிடித்து, இவனுக்கு இன்னாதான் ஆச்சு என்று கேட்டாள். மேடத்துக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கேஸ்தாம்மா. பயப்படாதீங்க" என்றார்.

அம்மா அப்படியே வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனி யூனிபார்ம் கோட்டின் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"இவங்கப்பாவும் இததான் சொல்லிட்டுப் போனாரு மேடம்" என்றாள்.

மேடம் புடவை அழுக்காவதைப் பார்க்காமல் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். இரண்டு காகிதங்களையும் அவள் மடியில் வைத்து, இது தப்பாக மாட்டியது, இது சரியாக மாட்டியது என்று ஒவ்வொரு கோடாகக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தமும் பார்த்துவிடுகிறேன், அதன் பிறகுதான் விடுவேன் என்றார். (பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.) அம்மா சரியான காகிதத்தைக் கையில் எடுத்து, அதிலுள்ள கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"அவருக்கும் இத எடுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

மேடம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "தெரிஞ்சிருக்கலாம்மா" என்றார்.

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். பெல்ட் அவிழ்ந்திருந்ததால் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அம்மாவின் தோளைத் தொட்டேன். (எது வலது, எது இடது என்று இப்போதும் ஞாபகம் இல்லை.) அவள் என் கையை ஒரு முறை அழுத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சரியான காகிதத்தை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்து, லைன் தானாக ஓடுமா என்று கேட்டபடி நடந்தாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு தண்டனை தொடர்கிறது. தினமும் மதியம் கம்பெனியில் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் அம்மா போன் செய்வாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். சாப்பிட்டாயா என்று அவள் கேட்பதற்குள், இன்னா சாப்பாடு, எத்தனை மணிக்கு, படுத்தாயா நடந்தாயா என்று அந்த மேசை முழுவதும் கேட்கும். நோயாளி எதிரில் உட்கார்ந்திருந்தாலும் பதில் சொல்லாமல் வைக்க முடியாது. என் வயிறு இப்போது நன்றாக இருப்பதற்கு மருந்து மாத்திரையைவிட இந்த விசாரணைதான் காரணம்.

என் கல்யாணத்துக்கு அந்த லைனே லீவு போட்டுவிட்டு வந்திருந்தது. சர்ச்சில் நிசப்தம். போதகர் என்னிடம், மணப்பெண்ணின் வலது கையை உன் வலது கையால் பிடித்துக்கொள் என்றார். நான் கையை நீட்டினேன். மூன்றாவது வரிசையிலிருந்து பரிமளா அக்காவின் குரல் தெளிவாக வந்தது.

"டாக்டரே, நல்லா பாத்து புடி. மிஷின் எந்தப் பக்கம் இருக்குதோ."

அறுபது பேரும் சிரித்தார்கள். போதகர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஒன்றும் புரியாமல் மணப்பெண் என்னைப் பார்த்தாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். அதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று. விருந்து முடிவதற்குள் அம்மாவே மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, முழுக் கதையையும் நடித்துக் காட்டிவிட்டாள்.

அம்மா இந்தக் கதையை நன்றாகச் சொல்வாள். வருடத்துக்கு வருடம் அது வளர்கிறது. நான் தின்றது இப்போது ஆறு பிளேட். வண்டியைத் தள்ளியவர்கள் இருபது பேர். பெல்ட்டை அவிழ்த்ததும் ஒரு பட்டன் தெறித்து அமீர் பாயின் மூக்குக் கண்ணாடியில் பட்டதாகப் போன கிறிஸ்துமஸில் சேர்த்திருக்கிறாள். ஆனால் 'மேடம் இன்னொரு தபா எடுத்தாங்க' என்று சொன்னதும் அடுத்த வரி 'உடனே போய் லைன ஓட்டிட்டோம்' என்றுதான் வரும். நடுவில் அவள் தரையில் உட்கார்ந்தது வராது. ஒரு முறை என் மனைவி, அவ்வளவு நடந்தும் நீங்கள் பயப்படவே இல்லையா என்று கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"கேஸுக்குப் போய் யாராச்சும் பயப்படுவாங்களா" என்றாள்.